வான்கோவின் படுக்கையறைச் சுவர்



பண்டிகை நெருங்கினால் நம் வளாகத்தில் ஏதாவது ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை நடக்காமல் இருக்காது. வேலை தொடங்கும் முன் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான். நல்ல பெயிண்டாக வாங்குவதா, விலை குறைந்ததை வாங்கி இப்போதைக்குச் சமாளிப்பதா? இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலை வைத்துப் பதில் சொல்வதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிப் பதில் தேடலாம் என்று நினைக்கிறேன். அவர் ஓவியர் வின்சென்ட் வான்கோ. சூரியகாந்திப் பூக்களையும், சுழலும் நட்சத்திர வானத்தையும் வரைந்தவர். காலண்டரிலும் காபிக் கோப்பையிலும்கூட அவர் படங்கள் வந்துவிட்டதால் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

அவர் தம் படுக்கையறையை வரைந்த படம் ஒன்று உண்டு. அதில் சுவர் வெளிர் நீலமாக இருக்கும். ஆனால் அவர் வரைந்தபோது அது நீலம் இல்லை, இளம் ஊதா. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வுபெற்றவன் நான். ஓவியக் கலை பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. செலவு, தேய்மானம் என்ற கோணத்தில் அவர் வாழ்க்கையைப் பார்க்கிறேன். நீங்களும் கூடவே வாருங்கள்.

கடைச் சிப்பந்தியாகத் தொடங்கியவர்

வின்சென்ட் 1853 மார்ச் 30 அன்று நெதர்லாந்தின் தென்பகுதியில் சுண்டெர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தேவாலயப் போதகர். தம்பி தியோ நான்கு வயது இளையவர். இந்தத் தம்பியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பில்லுக்கெல்லாம் பணம் கட்டியவர் அவர்தான்.

குடும்பத்தில் ஓவிய வியாபாரம் செய்த பெரியப்பா ஒருவர் இருந்தார். அவர் தொடர்பில் 1869இல், 16 வயதில், ஹேக் நகரில் கூப்பில் என்ற ஓவிய விற்பனை நிறுவனத்தில் வின்சென்டுக்கு வேலை கிடைத்தது. 1873இல் லண்டன் கிளைக்கு மாற்றினார்கள், பிறகு பாரிஸுக்கு. வாங்க வந்தவர்களோடு ஒத்துப்போகாமல், வேலையில் மனம் பற்றாமல், 1876இல் அங்கிருந்து அனுப்பப்பட்டார்.

அதன் பிறகு இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராகச் சில மாதங்கள். நெதர்லாந்தில் புத்தகக் கடையில் சில மாதங்கள். போதகராக வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாமில் படிக்கப் போய், பாதியில் விட்டார். 1878இன் கடைசியில் பெல்ஜியத்தில் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு ஊழியம் செய்யப் போனார். அங்கே தொழிலாளர்களின் வறுமையைப் பார்த்துத் தம் துணிமணிகளைக் கொடுத்துவிட்டு, வசதியான அறையை விட்டுக் குடிசைக்கு மாறி, வைக்கோலில் படுத்தார். ஊழியத்துக்கு அனுப்பியவர்களுக்கே அது அதிகப்படியாகத் தோன்றியது. வேலையை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள்.

1880இல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தவை பத்தே ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரைந்தார்.

தம்பியின் பணம், அண்ணனின் உழைப்பு

இதற்கெல்லாம் பணம்? தியோவும் அதே கூப்பில் நிறுவனத்தில் சேர்ந்து, அண்ணனைப் போலல்லாமல் அங்கேயே நிலைத்து முன்னேறினார். தம் சம்பளத்திலிருந்து அண்ணனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார். அதைத் தானமாக வாங்க வின்சென்டின் மனம் இடம் கொடுக்கவில்லை. வரும் பணத்துக்கு ஈடாக வரையும் படங்கள் தியோவுக்கே சொந்தம் என்று 1884இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைப்பைப் போடும் கூட்டு வியாபாரம் என்று நம் பாஷையில் சொல்லலாம். வியாபாரத்தில் விற்பனை மட்டும்தான் நடக்கவில்லை.

ஆரம்ப காலப் படங்கள் இருண்ட நிறத்தில் இருக்கும். 1885இல் நியூனன் என்ற ஊரில் வரைந்த உருளைக்கிழங்கு உண்போர் படத்தைப் பார்த்தால் தெரியும். விளக்கொளியில் ஓர் ஏழைக் குடும்பம், முழுக்க மண் நிறம். அடுத்த ஆண்டு பாரிஸுக்குப் போய்த் தம்பியோடு தங்கினார். அங்கே அப்போதைய புதிய ஓவியர்கள் வெயிலையும் பூக்களையும் பளிச்சென்ற நிறங்களில் வரைந்துகொண்டிருந்தார்கள். வின்சென்டின் கையிலும் நிறம் மாறியது.

பாரிஸில் தாங்கி என்ற வண்ணக் கடைக்காரர் இருந்தார். கையில் காசில்லாத ஓவியர்களுக்குக் கடனுக்கு வண்ணம் கொடுப்பார், பதிலுக்குப் படத்தை வாங்கி வைத்துக்கொள்வார். வின்சென்ட் அவர் உருவத்தை 1887இல் வரைந்திருக்கிறார். வட்ட முகமும் கோர்த்த கைகளுமாக, நம் தெருவில் பழைய ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பெரியவரைப் போலவே உட்கார்ந்திருப்பார்.

பூக்கடைச் சிவப்பு

இங்கே வண்ணம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1841இல் தகரக் குழாயில் வண்ணம் அடைக்கும் முறை வந்த பிறகு, ஓவியர்கள் தாங்களே அரைத்துக் கலக்கும் வேலை குறைந்துபோனது. மூடியைத் திறந்து பிதுக்கினால் போதும். உள்ளே இருப்பது என்ன என்பது தயாரித்தவருக்குத்தான் தெரியும்.

நிறம் கொடுக்கும் பொருள் இரண்டு வகை. ஒன்று மண், உலோகம் ஆகியவற்றிலிருந்து வருவது. கோலத்துக்குப் பக்கத்தில் இடுகிறோமே காவி, அது இந்த வகை. எத்தனை வருட வெயில் பட்டாலும் காவியின் நிறம் போகாது. மற்றொன்று சாய வகை. துணிக்குப் போடும் சாயம் போன்ற ஒன்றை நிறமற்ற தூளில் ஏற்றிச் செய்வது. இதில் நல்லதும் உண்டு, நிற்காததும் உண்டு.

1870களில் இயோசின் என்ற செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. சிவப்பு மை செய்யவும் இதைப் பயன்படுத்தினார்கள். இதிலிருந்து செய்த ஓவிய வண்ணத்துக்கு ஜெரேனியம் பூவின் பெயரை வைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. நீலத்தோடு சேர்த்தால் அருமையான ஊதா, வெள்ளையோடு சேர்த்தால் ரோஜா நிறம். ஒரே குறை, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் பழைய சிவப்புச் சாயத்துக்கும் இந்தக் குறை உண்டு.

வின்சென்டுக்கு இது தெரியாதா? தெரியும். 1888 பிப்ரவரியில் அவர் பிரான்சின் தெற்கே ஆர்ல் என்ற ஊருக்குப் போய்விட்டார். அந்த ஏப்ரலில் தம்பிக்கு அனுப்பிய நீண்ட வண்ணப் பட்டியலில் இந்த ஜெரேனியம் சிவப்பும் இருக்கிறது. கூடவே, இந்தப் புதுக்கால வண்ணங்கள் நிலைத்து நிற்பவை அல்ல என்றும் எழுதியிருக்கிறார். காலம் எப்படியும் இவற்றை மட்டுப்படுத்தப் போகிறது, ஆகவே இப்போதே தைரியமாக, அழுத்தமாகப் பூசிவிடுவோம் என்பது அவர் போட்ட கணக்கு.

மலிவு என்பதற்காக அவர் அதை வாங்கினார் என்று சொல்ல முடியாது. பூசிய அன்றைக்கு அது கொடுத்த பளபளப்புக்காக வாங்கினார். நாமும் கடையில் அப்படித்தானே வாங்குகிறோம்? அட்டையில் தெரியும் நிறத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்த நிறம் எதனால் ஆனது என்று கேட்பதில்லை.

மாத வாடகை 15 பிராங்கு

ஆர்லில் வின்சென்ட் மே 1 முதல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். மாதம் 15 பிராங்கு. உடனே குடியேறும் நிலையில் வீடு இல்லை. வெளியே வெண்ணெய் போன்ற மஞ்சள் நிறமும், சன்னல் கதவுகளுக்குப் பச்சையும், உள்ளே வெள்ளையும் அடிக்க வைத்தார். செப்டம்பரில்தான் அங்கே படுக்கத் தொடங்கினார். தியோ அனுப்பிய 300 பிராங்கில் 2 கட்டில்களும் 12 நாற்காலிகளும் வாங்கினார். தனியாள் ஒருவருக்கு எதற்கு 12 நாற்காலி என்று கேட்காதீர்கள். மற்ற ஓவியர்களும் வந்து தங்கி ஒன்றாக வேலை செய்யும் வீடாக அதை ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 35 வயதில் முதல் முறையாக இது என் வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடைத்த மனிதரின் சந்தோஷம் அது. முதல் வீட்டின் சாவியைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் அது புரியும்.

அந்த அக்டோபரில்தான் படுக்கையறைப் படத்தை வரைந்தார். மரக் கட்டில், இரண்டு நாற்காலிகள், சிறு மேசை, சுவரில் சில படங்கள், ஒரு சன்னல். படத்தைப் பார்ப்பவர் மனதுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும், அதை நிறங்களாலேயே செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். அதனால் உண்மையில் வெள்ளையாக இருந்த சுவரைப் படத்தில் இளம் ஊதாவாக மாற்றினார். கட்டில் வெண்ணெய் மஞ்சள், போர்வை சிவப்பு, கதவுகளும் ஊதா. எந்தப் பொருளுக்கு எந்த நிறம் என்று கடிதத்தில் வரிசையாக எழுதி வைத்தார். மஞ்சளுக்கு எதிரே ஊதா நின்றால்தான் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் என்பது அவர் தேர்வு. அந்த ஊதாவில் சிவப்புச் சாயம் கலந்திருந்தது.

சுவரில் பூத்த உப்பு

அக்டோபர் 23 அன்று பால் கோகான் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 23 இரவு, மனம் பேதலித்த நிலையில் வின்சென்ட் தம் காதை அறுத்துக்கொண்டார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். குணமாகித் திரும்புவதும் மறுபடி நோய் வருவதுமாகச் சில மாதங்கள் கழிந்தன. அக்கம்பக்கத்தார் 30 பேர் அளவில் கையெழுத்திட்டு, இவரை வெளியே விடக் கூடாது என்று நகர மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். வீடு பூட்டப்பட்டது. சங்கம், மனு, கையெழுத்து எல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஒரு நோயாளியின் வீட்டைப் பூட்ட வைத்த அந்த மனுவைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது.

பூட்டிய வீட்டுக்குள் என்ன ஆயிற்று? குளிர்காலத்தில் கணப்பு மூட்ட ஆளில்லை. ரோன் ஆற்று வெள்ளம் வீட்டுக்கு மிக அருகில் வரை வந்துபோனது. வின்சென்ட் திரும்பி வந்து பார்த்தபோது சுவர்களில் ஓதம் ஏறி நீர் கசிந்து, உப்பு பூத்திருந்தது. அங்கே வைத்திருந்த படங்களும் கெட்டன. படுக்கையறைப் படத்தில் வண்ணம் பொரிந்து உதிரத் தொடங்கியது. உதிராமல் இருக்க அதன் மேல் செய்தித்தாள் ஒட்டித் தம்பிக்கு அனுப்பி வைத்தார்.

ஓதமும் உப்பும் நமக்குப் புதியவை அல்ல. குளியலறையை ஒட்டிய சுவர், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் சீலிங், மழைப் பக்கம் பார்த்த வெளிச்சுவரின் உட்புறம் ஆகிய இடங்களில் இதே கதைதான் நடக்கிறது. சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் வெளியே வருகிறது. நீர் உலர்ந்துவிடும், உப்பு அங்கேயே பூத்து நிற்கும். அது பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் அதற்கு ஈடு கொடுக்காது. ஆகவே பெயிண்டுக்கு முன்னால் கசிவை அடைக்க வேண்டும், சுவரைக் காயவிட வேண்டும். இதைச் செய்யாமல் நல்ல பெயிண்ட் அடிப்பது பணத்தை ஈரத்தில் போடுவது.

மூன்று படுக்கையறைகள்

1889 மே மாதம் வின்சென்ட் தாமாகவே சேன் ரெமி என்ற ஊரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். சுழலும் நட்சத்திர வானத்தை வரைந்தது அங்கேதான். நோய் கடுமையான சமயத்தில் வண்ணத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முயன்றார். அதனால் சில காலம் அவர் கையில் வண்ணம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்தக் கால வண்ணங்களில் ஈயம் தாராளமாக இருந்தது. அவர் விரும்பிய குரோம் மஞ்சள் ஈயத்தின் சேர்மம்தான். வெள்ளையிலும் ஒரு வகை ஈயத்தால் ஆனது.

கெட்டுப்போன படுக்கையறைப் படத்தைச் சீர்செய்வதற்கு முன் அதன் நகலை வரைந்துகொள்ளும்படி தியோ திருப்பி அனுப்பினார். செப்டம்பரில் வின்சென்ட் இரண்டு நகல்கள் வரைந்தார். ஒன்று அதே அளவில், மற்றொன்று தாய்க்கும் தங்கைக்குமாகச் சிறிய அளவில். அதனால் இன்று உலகில் மூன்று படுக்கையறைகள் இருக்கின்றன. முதலாவது ஆம்ஸ்டர்டாமில், இரண்டாவது சிகாகோவில், மூன்றாவது பாரிஸில்.

1890 மே மாதம் அங்கிருந்து கிளம்பும் முன் ரோஜாவும் ஐரிஸ் பூவுமாக நான்கு பூங்கொத்துகளை வரைந்தார். நியூயார்க், வாஷிங்டன், ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. இன்று பார்ப்பவர்களுக்கு அவை வெள்ளை ரோஜாக்கள். அவர் வரைந்தது இளஞ்சிவப்பு ரோஜாக்களை. ஊதா ஐரிஸ் பூக்கள் நீலமாகிவிட்டன. எல்லாவற்றிலும் நீலமும் பச்சையும் நின்றன, அந்தப் பூப்பெயர் சிவப்பு மட்டும் போய்விட்டது.

அதே மே மாதம் பாரிஸுக்கு அருகே ஓவேர் என்ற ஊருக்குப் போனார். ஏறத்தாழ நாளுக்கு ஒரு படம் என்ற கணக்கில் வரைந்தார். ஜூலை 27 அன்று துப்பாக்கிக் காயத்தோடு அறைக்குத் திரும்பினார். ஜூலை 29 அன்று தம்பி பக்கத்தில் இருக்க இறந்தார். வயது 37. அவர் உயிரோடு இருந்தபோது விற்ற படங்களில் நமக்குத் தெளிவாகத் தெரிந்தது சிவப்புத் திராட்சைத் தோட்டம் என்ற படம். விலை 400 பிராங்கு. அது அவர் இறந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் விற்றது.

ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில், தியோவும் இறந்துவிட்டார். அவர் மனைவி ஜோஹன்னாவுக்கு மிஞ்சியவை ஒரு வயது நிரம்பாத குழந்தை, யாரும் வாங்காத நூற்றுக்கணக்கான படங்கள், ஒரு கட்டுக் கடிதங்கள். அந்த அம்மாள் எதையும் தூக்கி எறியவில்லை. கண்காட்சிகள் வைத்தார், கொஞ்சம் கொஞ்சமாக விற்றார், 1914இல் கடிதங்களை அச்சிட்டார். வான்கோ என்ற பெயர் இன்று நமக்குத் தெரிவது இவரால். பெரியப்பாவின் பெயரையே தாங்கி வளர்ந்த அந்தக் குழந்தை பெரியவராகிப் பாடுபட்டதால் 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அந்த மஞ்சள் வீடு இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1944இல், குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. சுவர் போனது, சுவரின் படம் மட்டும் மிஞ்சியது. அந்தப் படத்திலும் அவர் தேர்ந்தெடுத்த நிறம் இல்லை. வண்ணத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தும், கடிதங்களோடு ஒப்பிட்டும்தான் அந்த ஊதாவை அறிஞர்கள் உறுதி செய்தார்கள். 2016இல் சிகாகோவில் மூன்று படுக்கையறைகளையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்தது நீலச் சுவர்கள்தான்.

நம் சுவருக்கு வருவோம்

வின்சென்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தம்பி அனுப்பும் பணத்தில், சில நாட்கள் காபியும் ரொட்டியுமாகச் சாப்பிட்டு வேலை செய்தவர் அவர். காலம் நிறத்தைத் தின்னும் என்று தெரிந்தே வரைந்தார். ஆனால் அது எவ்வளவு தின்னும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்கு அந்தத் தகவல் இருக்கிறது, கேட்டால் கடைக்காரர் சொல்வார்.

நம் வீட்டுப் பெயிண்டில் முக்கியமாக நான்கு பொருட்கள். நிறமி, அதைச் சுவரோடு பிடித்து வைக்கும் பசை போன்ற பிசின், அளவைக் கூட்டும் சுண்ணத் தூள், தண்ணீர். விலை உயர்ந்தவை முதல் இரண்டும். விலையைக் குறைக்க வேண்டுமானால் அவற்றைக் குறைத்து, மூன்றாவதைக் கூட்ட வேண்டும். டப்பாவின் எடை அதேதான், அட்டையில் நிறமும் அதேதான். பிசின் குறைந்த பெயிண்டில் கை வைத்தால் மாவு போல ஒட்டும். குழந்தை பென்சிலால் கிறுக்கியதை ஈரத்துணியால் துடைத்தால் கிறுக்கலோடு சுவரின் நிறமும் சேர்ந்து வரும். நிறமி குறைந்தால் இரண்டு கோட் போதாது, மூன்றாவது கேட்கும். வெயில் விழும் சன்னலோரத்தில் நிறமே மாறும்.

ஒரு உதாரணக் கணக்குப் பாருங்கள். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. கூலி 30,000 ரூபாய், மலிவுப் பெயிண்ட் 20,000 ரூபாய், மொத்தம் 50,000. மூன்று வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டும் என்றால் வருடத்துக்குச் சுமார் 16,700 ரூபாய். அதே கூலியில் நல்ல பெயிண்ட் 36,000 என்றால் மொத்தம் 66,000. ஆறு வருடம் நின்றால் வருடத்துக்கு 11,000 ரூபாய். வங்கியில் தேய்மானம் எழுதும் முறை இதுதான். வாங்கிய விலையைப் பயன்படும் வருடங்களால் வகுக்க வேண்டும். சுரண்டுவது, பட்டி பார்ப்பது, கூலி எல்லாம் எந்தப் பெயிண்டுக்கும் ஒன்றுதான். அதை அடிக்கடி கட்டுவதில்தான் நஷ்டம். ஒரு வாரம் கட்டிலைக் கூடத்தில் போட்டுப் படுக்கும் சிரமத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்காக எல்லா இடத்துக்கும் கடையிலேயே விலை கூடியதை வாங்கச் சொல்லவில்லை. சீலிங்கையும் பரணையும் யாரும் தொடப்போவதில்லை, அங்கே சாதாரண ரகம் போதும். அடுத்த வருடம் காலி செய்யப்போகும் வாடகை வீட்டுக்கு டிஸ்டம்பர் அடித்தால் தவறில்லை. கை படும் கூடம், குழந்தைகள் அறை, எண்ணெய்ப் புகை படியும் சமையலறை, வெயில் விழும் சுவர் ஆகிய இடங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். அங்கே துடைக்கக்கூடிய நல்ல எமல்ஷன் வாங்குங்கள். அடர்ந்த சிவப்பு, ஊதா போன்ற நிறமானால் வெயிலுக்கு நிற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை சில:

சந்தேகமுள்ள சுவரில் ஒரு பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோர்த்தால் சுவர் இன்னும் காயவில்லை. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே பட்டியும் பிரைமரும்.

பெயிண்ட் டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் கலந்தால் நல்ல பெயிண்டும் மலிவுப் பெயிண்டாகிவிடும்.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத உதிரிச் சரக்கைத் தவிருங்கள். அதற்கு முன் அடித்த பழைய பூச்சை, குறிப்பாகக் கதவு, கிராதிகளில் உள்ள எனாமலைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும்.

வின்சென்ட் தம் அறைக்கு ஊதாவைத் தேர்ந்தெடுத்தது ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக. நாமும் பகலெல்லாம் அலைந்துவிட்டு வந்து பார்ப்பது நம் சுவரைத்தான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஆசைப்பட்டு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அது ஐந்தாவது வருடமும் அதே நிறமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். அதற்கான கேள்வியைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே சமயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் கடைக்காரரிடம் தள்ளுபடி கேட்கலாம், ஏணி, சாரச் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.